முத்துக்குடா சேறும் மாத்திரை அட்டையும்: உப்பிலும் கொதிநீரிலும் வாழும் கடல் நுண்ணுயிர்களில் மருந்து தேடுவது எப்படி?

புதுக்கோட்டையில் இருந்து அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் வழியாகக் கிழக்கே போனால் மீமிசல் வரும். அதற்குப் பக்கத்தில்தான் முத்துக்குடா. அலையாத்திக் காடு இருக்கும் ஊர். படகில் போய் ரீல்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், கடல் நீர் உள்வாங்கும் நேரத்தில் அங்கே ஒரு வாடை கிளம்பும். அழுகின முட்டை வாடை. கீழே கால் வைத்தால் உள்ளே இழுக்கும் கறுப்புச் சேறு. மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடத்தான் தோன்றும்.

அந்த வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. அலையாத்திச் சேற்றில் கொஞ்சம் ஆழத்துக்குப் போனாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல் நீரில் உள்ள சல்ஃபேட்டை வைத்துக்கொண்டு 'மூச்சு' விடுகின்றன. அதன் கழிவுதான் உங்கள் மூக்கில் ஏறுகிறது. சேறு கறுப்பாக இருப்பதும் அந்தக் கந்தகம் இரும்போடு சேர்வதால்தான்.

ஆக, வாடை வருகிறது என்றால் காற்றே இல்லாத இடத்தில் ஒரு கூட்டம் பிழைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புது மருந்துக்காகக் கடல் நுண்ணுயிர்களைத் தேடும் ஆய்வாளர்கள் மாதிரிக் குழாயும் ஐஸ் பெட்டியுமாக வந்து நிற்பது இந்த மாதிரி இடங்களில்தான். பாக் நீரிணை ஓரமாக, கட்டுமாவடியில் இருந்து தெற்கே மீமிசலைத் தாண்டி, சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரை புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இருக்கிறது. மீன், நண்டு, இறால் என்று மட்டுமே பேசப்படும் கரை அது.

'கடுமையான சூழல்' என்றால் எவ்வளவு கடுமை?

இந்த வகை உயிர்களுக்கு 'எக்ஸ்ட்ரீமோஃபைல்' என்று பெயர். அதாவது மற்ற உயிர்கள் செத்துப்போகும் வெப்பம், உப்பு, அழுத்தம், அமிலம் இதில் ஏதோ ஒன்றில் சௌகரியமாக வாழ்பவை. பெயரைக் கேட்டதும் பலருக்கும் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள்தான் ஞாபகம் வரும். தவறில்லை. 2024 டிசம்பரில், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் (என்ஐஓடி) கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் உயிர்ப்புடன் இருக்கும் ஒரு வெந்நீர் ஊற்றைப் படம் பிடித்தன. சூரிய வெளிச்சம் எட்டாத இடம். மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 450 மடங்கு. அங்கேயும் நுண்ணுயிர்கள் உண்டு.

ஆனால் இதற்கு 4,500 மீட்டர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ ஒரு உப்பளப் பாத்தியைப் பாருங்கள். சாதாரணக் கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதே நீர் வெயிலில் வற்றி வற்றி, உப்பு பூக்கும் கட்டத்துக்கு வரும்போது கிட்டத்தட்ட பத்து மடங்கு செறிவாகிவிடும். மீன் கிடையாது, புழு கிடையாது. இருந்தும் அந்தப் பாத்தி சில நாட்களில் இளஞ்சிவப்பாக மாறும். அது சாயம் இல்லை. ஹாலோபாக்டீரியம் போன்ற உப்புவிரும்பி நுண்ணுயிர்களும் டுனாலியெல்லா என்ற பாசியும் சேர்ந்து போடும் நிறம்.

கருவாடு வாங்கும் வீடுகளில் இந்தக் கூட்டத்தை ஏற்கெனவே சந்தித்திருப்பார்கள். உப்பு போட்டுக் காயவைத்த கருவாட்டில் சில சமயம் இளஞ்சிவப்புப் படலம் படரும். 'கெட்டுப்போச்சு' என்று தூக்கிப் போடுவோம். உப்பு போட்டால் எதுவும் வளராது என்ற நம்பிக்கையைப் பொய்யாக்கி வளர்ந்து நிற்பது அதே வகை உப்புவிரும்பிதான்.

அலையாத்திச் சேறு இதற்கெல்லாம் நடுவில் இருக்கிறது. நீர் உள்வாங்கிய மதிய நேரத்தில் வெயில் காய்ந்து உப்பு ஏறும். நீர் திரும்பி வந்தால் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று நீர் வந்து உப்பே அடித்துக்கொண்டு போய்விடும். மேலே வெப்பம், கீழே ஆக்சிஜன் இல்லை. கறாராகப் பார்த்தால் இங்கே வாழும் எல்லாவற்றையும் எக்ஸ்ட்ரீமோஃபைல் என்று சொல்ல முடியாது. பல உயிர்கள் கஷ்டத்தை விரும்புபவை அல்ல, தாங்கிக்கொள்பவை. மருந்து தேடுபவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிய பொருட்டில்லை.

கஷ்டத்தில் வாழ்வதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுப் பிசறி வைத்தால் என்ன ஆகும்? அரை மணி நேரத்தில் தண்ணீர் விட்டுச் சுருங்கிவிடும். உப்பு நீரில் விழும் எந்த செல்லுக்கும் அதே கதிதான். அப்படியானால் உப்பளத்து பாக்டீரியா மட்டும் எப்படி மாங்காய் ஊறுகாய் ஆகாமல் தப்பிக்கிறது?

ஹாலோமோனாஸ் எலாங்கேட்டா என்று ஒரு பாக்டீரியா. கரீபியன் கடலில் இருக்கும் பொனேர் தீவின் உப்பளத்தில் எடுத்து, 1980-ல் பெயர் வைத்தார்கள். இது தன் உடம்புக்குள் 'எக்டோயின்' என்ற சின்ன மூலக்கூறைத் தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. வெளியே உப்பு எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்கு உள்ளே எக்டோயின். அது புரதங்களைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்து நிறுத்தி வைப்பதால் செல் வற்றாது. (எக்டோயினை முதலில் கண்டுபிடித்தது இதில் இல்லை. 1985-ல் எகிப்தின் உப்பு ஏரி பாக்டீரியா ஒன்றில்.)

அதை வெளியே எடுக்கும் விதம்தான் அட்டகாசம். பாக்டீரியாவை அதிக உப்பு நீரில் வளர்க்க வேண்டும். எக்டோயின் நிரம்பியதும் சட்டென்று உப்பு குறைந்த நீருக்கு மாற்ற வேண்டும். இப்போது தண்ணீர் உள்ளே பாயும். வெடித்துவிடாமல் இருக்க அது தன்னிடம் இருக்கும் எக்டோயினை வெளியே கொட்டிவிடும். வடித்து எடுத்துக்கொண்டு, பாக்டீரியாவை மறுபடி உப்பு நீரில் விட்டால் மறுபடி நிரப்பும். மறுபடி எடுக்கலாம். மாட்டைக் கொல்லாமல் பால் எடுக்கிற கதை. இந்த முறைக்கு 'பாக்டீரியா பால் கறத்தல்' என்றே 1998-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள்.

இன்று எக்டோயின் கண் சொட்டு மருந்திலும், அலர்ஜிக்கான மூக்கு ஸ்ப்ரேயிலும், தோல் கிரீம்களிலும் இருக்கிறது. ஸ்கின்கேர் சீரம் விளம்பரங்களில் அந்தப் பெயரைப் பார்த்திருந்தால், ஆமாம், அதேதான்.

வெப்பத்தில் வாழ்பவை வேறொரு உதவி செய்தன. கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் ஞாபகம் இருக்கும். அந்த வகைச் சோதனையில் மாதிரியைச் சுமார் 95 டிகிரி வரை திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டும். சாதாரண நொதி அதில் வெந்துபோகும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் நொதிதான் அதைச் சாத்தியமாக்கியது. அது நல்ல தண்ணீர் ஊற்று. கடல் தரப்பில் இருந்தும் ஒருத்தர் உண்டு: இத்தாலியின் வல்கானோ தீவுக் கரையில், எரிமலைச் சூட்டில் கிடக்கும் கடல் மணலில் கிடைத்து 1986-ல் அறிவிக்கப்பட்ட பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ். கொதிநிலையான 100 டிகிரிதான் அதற்கு இஷ்டமான வெப்பம். டிஎன்ஏவைப் பிழை இல்லாமல் நகல் எடுக்க அதன் நொதியை ஆய்வகங்கள் இப்போதும் பயன்படுத்துகின்றன.

இதெல்லாம் பிழைக்கும் கருவிகள். ஆன்டிபயாடிக்கும் கேன்சர் மருந்தும் வருவது பெரும்பாலும் வேறு பக்கத்தில் இருந்து. சாப்பாடும் இடமும் குறைவாக இருக்கும் சேற்றில் பக்கத்து வீட்டுக்காரனை ஒடுக்கவோ, அவனிடம் சிக்னல் பேசவோ நுண்ணுயிர்கள் தயாரிக்கும் ரசாயனங்கள் அவை. கூட்டமும் சூழலும் மாறினால் ரசாயனமும் மாறும் என்ற எதிர்பார்ப்பில்தான் ஆட்கள் சேற்றில் இறங்குகிறார்கள்.

மண்ணில் கிடைத்தது போதாதா?

முதல் மழை பெய்ததும் வரும் மண்வாசனை இருக்கிறதே, அதற்குக் காரணம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக் குடும்பம். காசநோய்க்கு வந்த முதல் ஆன்டிபயாடிக்கான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் இந்தக் குடும்பத்தில் இருந்துதான் கிடைத்தது. அடுத்த இருபது, இருபத்தைந்து வருடம் உலகம் முழுக்க மண்ணைத் தோண்டினார்கள். நிறையக் கிடைத்தது. பிறகு கிடைத்ததே திரும்பத் திரும்பக் கிடைக்க ஆரம்பித்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின.

அதே நேரத்தில் கிருமிகள் பழைய மருந்துகளுக்குப் பழகிவிட்டன. 'தி லான்செட்' இதழில் 2022-ல் வெளியான கணக்கின்படி, 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர். சளி, காய்ச்சலுக்குக் கடையில் போய் 'ஆன்டிபயாடிக் ரெண்டு குடுங்க' என்று வாங்கி, மூன்றாவது நாள் நிறுத்திவிடும் பழக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது.

கடலோரம் ஏற்கெனவே ஒருமுறை கை கொடுத்திருக்கிறது. 1945-ல் இத்தாலியின் சார்டினியா தீவில் ஜுசெப்பே ப்ரோட்சு என்ற மருத்துவப் பேராசிரியர், காலியாரி நகரச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் தண்ணீர் எடுத்தார். சாக்கடை கலந்தும் அந்தக் கடல் நீர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறதே, ஏன் என்பது அவர் கேள்வி. அதில் ஒரு பூஞ்சை இருந்தது. அதை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பி வைத்தார். 1950களில் அங்கே அதில் இருந்து செஃபாலோஸ்போரின் சி பிரித்து எடுக்கப்பட்டது. 1964-ல் முதல் மருந்து சந்தைக்கு வந்தது. உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் செஃபிக்ஸைம் அட்டை இருந்தால், அந்த மாத்திரையின் தாத்தா இந்தச் சாக்கடை முகத்துவாரப் பூஞ்சைதான்.

திருச்சி ரோட்டில் ஒரு பாசி நூலகம்

புதுக்கோட்டையில் இருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போனால் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வளாகத்தில் 1991-ல் மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறை நிதியில் கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய மையம் ஒன்று தொடங்கப்பட்டது. கடல் இல்லாத ஊரில் கடல் பாசி மையமா என்று கேட்கலாம். இந்தியக் கடற்கரைகளில் சேகரித்த பாசிகளைப் பிரித்து, உயிரோடு வளர்த்து, எண் போட்டு வைக்கும் இடம் அது. ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு பாசியின் பெயருக்குப் பின்னால் 'பிடியு' என்று தொடங்கும் எண் இருந்தால் அது இந்த நூலகத்துப் புத்தகம்.

பெயரில் பாசி என்று இருந்தாலும் இவை பாக்டீரியாக்கள். தாவரம் மாதிரி வெயிலில் சமைத்துச் சாப்பிடத் தெரிந்தவை. கழிமுகச் சேற்றின் மேல் வழவழப்பாகப் படர்ந்திருக்கும் பச்சைத் தோல், உப்பளப் பாத்தியின் அடியில் படியும் பாய், இதெல்லாம் இவர்கள் வேலை.

பாசியை எதற்கு இவ்வளவு பத்திரமாக வைக்க வேண்டும்? அதற்கு ஒரு கடல் முயலின் கதையைச் சொல்ல வேண்டும். 1972-ல் மொரிஷியஸ் கடலில் 'கடல் முயல்' என்ற ஓடில்லாத நத்தை வகையை அமெரிக்க வேதியியலாளர் ஜார்ஜ் பெட்டிட் குழு சேகரித்தது. அதன் சாறு புற்றுநோய் செல்களைத் தாக்கியது. ஆனால் அந்தச் சரக்கு அவ்வளவு சொற்பம். டோலாஸ்டாட்டின் 10 என்ற அந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடித்து அறிவிக்கவே 1987 ஆகிவிட்டது. அப்புறம் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விஷத்தன்மை அதிகம், பலன் குறைவு. கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

2001-ல் வேறொரு குழு பலாவ் தீவுக் கடலில் இருந்து எடுத்த சிம்ப்ளோகா என்ற நீலப்பச்சைப் பாசியில் அதே டோலாஸ்டாட்டின் 10 இருப்பதைக் காட்டியது. முயல் சமைக்கவில்லை, மேய்ந்திருக்கிறது! சரக்கின் சொந்தக்காரர் பாசி.

இன்னொரு பக்கம், அந்த மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றி, புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் போய் ஒட்டும் ஆன்டிபாடியின் முதுகில் ஏற்றினார்கள். விஷம் உடம்பு முழுக்கப் பரவாமல் சேர வேண்டிய முகவரிக்குப் போனது. ப்ரென்டுக்ஸிமாப் வெடோட்டின் என்ற அந்த மருந்துக்கு 2011-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா நோயாளிகளுக்கு இன்று அது கொடுக்கப்படுகிறது. கடல் முயலைப் பிடித்ததில் இருந்து எண்ணினால் 39 வருடம். நடுவில் ஒரு முழுத் தோல்வி.

கடல் நீர் ஊற்றினால்தான் வளருவேன்!

எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 1989-ல் பஹாமாஸ் கடலடி மணலில் பால் ஜென்சன், வில்லியம் ஃபெனிக்கல் இருவரும் ஒரு பாக்டீரியாவை எடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். சாதாரண நீரில் வைத்தால் அது வளரவே இல்லை, கடல் நீர் கலந்தால்தான் வளர்ந்தது. மண்ணில் இருந்து அடித்துக்கொண்டு வந்த விருந்தாளி இல்லை, அசல் கடல்வாசி என்பதற்கு அதுவே சாட்சி. பின்னாளில் சாலினிஸ்போரா என்று பெயர் வைத்தார்கள்.

அது தயாரிக்கும் சாலினோஸ்போரமைடு ஏ என்ற மூலக்கூறு பற்றி 2003-ல் கட்டுரை வந்தது. செல்லுக்குள் குப்பையை அரைத்துத் தள்ளும் மிஷின் ஒன்று உண்டு, புரோட்டியசோம் என்று பெயர். இந்த மூலக்கூறு அதை அடைத்துவிடும். வேகமாக வளரும் புற்றுநோய் செல்லில் குப்பை சேர்ந்து, செல் செத்துப்போகும். மூன்றே வருடத்தில், 2006-ல், மனிதர்களிடம் பரிசோதனை தொடங்கியது. இந்தத் துறையில் இது மின்னல் வேகம்.

மூளைக்குள் நுழையக்கூடியது என்பதால் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் கட்டப் பரிசோதனையில் 749 நோயாளிகள். 2021-ல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்துக் கொடுத்ததால் ஆயுள் கூடவில்லை. பக்கவிளைவுகள்தான் கூடின. ஆய்வகத்தில் அவ்வளவு அழகாக வேலை செய்த மூலக்கூறு, கடைசி வாசலில் நின்றுவிட்டது.

இருந்தாலும் அந்த பாக்டீரியா ஒரு பெரிய விஷயத்தைக் காட்டிக் கொடுத்தது. 2007-ல் அதன் முழு மரபணுத் தொகுதியைப் படித்தபோது, கிட்டத்தட்ட 10 சதவீதம் இப்படிப்பட்ட ரசாயனங்களைத் தயாரிப்பதற்காகவே ஒதுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. 17 'சமையல் குறிப்புகள்'. அதில் பல, ஆய்வகத்தில் அது ஒருபோதும் சமைத்துக் காட்டாதவை. வீட்டில் பிரியாணி தெரிந்தவர் ஹாஸ்டலில் வந்து மேகியோடு நிறுத்திக்கொண்ட மாதிரி. அன்றில் இருந்து தேடும் முறையே மாறியது. தட்டில் என்ன செய்கிறது என்று பார்ப்பதோடு, மரபணுவில் என்ன செய்யத் தெரியும் என்றும் படிக்கிறார்கள். அதற்கு இலவச மென்பொருள்களே இருக்கின்றன.

சேற்றில் இருந்து தட்டுக்கு

நடைமுறையில் வேலை எப்படி நடக்கும்? சுத்தம் செய்த குழாயைச் சேற்றில் செருகி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எவ்வளவு உப்பு, எவ்வளவு வெப்பம் என்று குறித்துக்கொண்டு, ஐஸில் வைத்து எடுத்து வருவார்கள். அப்படியே தட்டில் தடவினால் அவசரக்கார பாக்டீரியாக்கள் ஒரே இரவில் தட்டை நிரப்பிவிடும். அதனால் சேற்றைக் காயவைத்து, 55, 60 டிகிரியில் கொஞ்ச நேரம் சூடாக்குவார்கள். அவசரக்காரர்கள் செத்துப்போவார்கள். வித்து வடிவில் பதுங்கி இருக்கும் ஆக்டினோபாக்டீரியாக்கள் தப்பிக்கும். பிறகு கடல் நீரில் தயாரித்த தட்டில் பரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு வாரம், ஆறு வாரம் கூட ஆகும். சுண்ணாம்புப் பொடி தூவின மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் வரும். ஒவ்வொன்றையும் தனியே எடுத்து வளர்த்து, சாறு எடுத்து, நோய்க்கிருமி பரப்பிய இன்னொரு தட்டில் வைப்பார்கள். சாறு வைத்த இடத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் வந்தால், அதில் ஏதோ இருக்கிறது.

இந்த வட்டம்தான் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளின் கதாநாயகன். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பிச்சாவரம் அலையாத்திகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. தமிழகத்தில் கடல் நுண்ணுயிரியல் படித்த பலர் இந்த வட்டத்தை அளந்துதான் பட்டம் வாங்கியிருப்பார்கள். பிரச்னை அங்கேயே நின்றுவிடுவதில் இருக்கிறது. அந்தச் சாற்றில் இருப்பது 70 வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்த பழைய மருந்தாக இருக்கலாம். நிறை அலைமானியில் போட்டு, தெரிந்த மூலக்கூறுகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பழையதைக் கழிக்க வேண்டும். புதுசு என்றால் தனியாகப் பிரித்து, அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான கருவிகள் கோடிகளில். சாதாரணக் கல்லூரி ஆய்வகம் மூச்சு வாங்குவது இங்கேதான்.

இன்னொரு தலைவலியும் உண்டு. சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்களில் தட்டில் வளர்ந்து காட்டுபவை ஒரு சதவீதம்கூடத் தேறாது என்பது இத்துறையில் பழைய கணக்கு. 2002-ல் ஸ்லாவா எப்ஸ்டைன், கிம் லூயிஸ் குழு ஒரு யோசனை செய்தது. தட்டுக்கு வர மாட்டேன் என்றால் தட்டைச் சேற்றுக்குக் கொண்டு போவோம். இரண்டு பக்கமும் மெல்லிய சவ்வு போட்ட சின்ன அறைக்குள் நுண்ணுயிர்களை அடைத்து, அவை பிறந்த கடல் சேற்றின் மேலேயே வைத்தார்கள். சத்துகள் உள்ளே வரலாம், ஆள் வெளியே போக முடியாது. அதுவரை வளராதவை வளர்ந்தன. இதன் அடுத்த வடிவத்தை வைத்துத்தான் 2015-ல் டிக்ஸோபாக்டின் என்ற புது ஆன்டிபயாடிக் மூலக்கூறை அறிவித்தார்கள், அது புல்வெளி மண்ணில் இருந்து.

ஆழ்கடல் உயிர்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. மேலே கொண்டு வரும்போதே அழுத்தம் குறைந்து பல செத்துப்போகும். அழுத்தத்தைத் தக்கவைக்கும் எஃகுக் கலன்கள் வேண்டும். 2021-ல் மத்திய அமைச்சரவை சுமார் 4,077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த ஆழ்கடல் இயக்கத்தில் பல்லுயிர் ஆய்வும் ஒரு பகுதி. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு போகும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கி பற்றிய செய்திகளில் இந்தப் பகுதி அடிபட்டுப் போய்விடுகிறது.

'கடலில் கேன்சர் மருந்து கண்டுபிடிப்பு' என்று நியூஸ் வந்தால்?

வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: எதில் சோதித்தார்கள்? தட்டில் இருக்கும் புற்றுநோய் செல்லை உப்பும் கொல்லும், ப்ளீச்சிங் பவுடரும் கொல்லும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்கிறதா, எவ்வளவு குறைந்த அளவில் கொல்கிறது என்பதுதான் கேள்வி. அடுத்து எலி. அடுத்து மனிதர்களில் மூன்று கட்டம். எல்லாம் சரியாக நடந்தாலே 10, 15 வருடம். செய்தியில் 'சாறு' என்று இருந்தால் மூலக்கூறு இன்னும் கையில் சிக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

வடிவம் தெரிந்த பிறகும் நிற்கலாம். ஜப்பான் கடலில் 289 மீட்டர் ஆழத்துச் சேற்று பாக்டீரியா ஒன்றில் கிடைத்த அபிஸ்ஸோமைசின் சி பற்றி 2004-ல் கட்டுரை வந்தபோது பெரிய பரபரப்பு. மருத்துவமனைகளை மிரட்டும் எம்ஆர்எஸ்ஏ கிருமியை அது அடக்கியது. தாக்கும் இடமும் மனித உடம்பில் இல்லாத ஒரு பாதை. கேட்கவே நன்றாக இருக்கிறது. 20 வருடம் தாண்டியும் அது மாத்திரையாகவில்லை.

இதில் பணமும் ஒரு காரணம். ரத்த அழுத்த மாத்திரை வாழ்நாள் முழுக்க விற்கும். புது ஆன்டிபயாடிக்கோ ஐந்து நாள் சாப்பிடுவது, அதையும் டாக்டர்கள் 'கடைசி ஆயுதம்' என்று பூட்டி வைப்பார்கள். போட்ட காசு திரும்பாது என்று பெரிய கம்பெனிகள் இந்தப் பக்கமே வருவதில்லை.

கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

முத்துக்குடா சேற்றில் ஒரு கம்பெனி நாளை ஏதாவது கண்டுபிடித்தால்? 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தில் 'உயிரியல் வளம்' என்ற சொல்லுக்குள் நுண்ணுயிர்களும் அடங்கும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் சென்னை தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் எடுத்துப் போக முடியாது. லாபம் வந்தால் ஒரு பங்கு உள்ளூருக்கு வர வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. அதற்காக ஊராட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் உண்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உண்டு. அந்தப் பதிவேட்டில் மரம் வரும், மீன் வரும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவை எந்த ஊர்க் குழு பதிவது? சட்டம் காகிதத்தில் தெளிவாக இருந்தும் நடைமுறையில் வழுக்கும் இடம் இது. மரபணு வரிசை மட்டும் போதும் என்ற காலத்தில், சேற்றைக் கூட எடுத்துப் போகத் தேவை இல்லை, ஒரு ஃபைல் போதும்.

4,500 மீட்டர் ஆழத்து வெந்நீர் ஊற்றுகளுக்கு வேறு சட்டம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழிப் பரப்பின் மரபணு வளங்களில் கிடைக்கும் பலனைப் பங்கிடுவதற்கான ஐ.நா. ஒப்பந்தம் 2023 ஜூனில் ஏற்கப்பட்டது. இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது. தேவையான 60 நாடுகளின் ஒப்புதல் 2025 செப்டம்பரில் நிறைவடைந்து, 2026 ஜனவரி 17 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

சேறு சேறாக இருக்க வேண்டும்

பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதல் கடல்பசு பாதுகாப்பகம். கடல்பசுவுக்காகக் காப்பாற்றப்படும் கடற்புல் படுகையின் அடியில் இருக்கும் சேற்றுக்கும் அந்தப் புண்ணியம் சேர்கிறது.

கரைக்கு நெருக்கமான சேற்றுக்கு வேறு ஆபத்து இருக்கிறது. ஊர்ச் சாக்கடை, மருத்துவமனைக் கழிவு, பண்ணைக் கழிவு எல்லாம் கடைசியில் வந்து படிவது கழிமுகத்தில்தான். அதில் மிச்சம் மீதி ஆன்டிபயாடிக்கும், அதற்குப் பழகிய கிருமிகளும் சேர்ந்தே வரும். பாக்டீரியாக்கள் மரபணுவைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கை மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவை என்பதால், எதிர்ப்பு சக்தி சேற்றுக்குள்ளேயே ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் பரவும். இறால் பண்ணைகளில் குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற மருந்துகளைக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் தடை செய்து வைத்திருக்கிறது. இறாலில் மருந்து எச்சம் இருந்தால் ஏற்றுமதிச் சரக்கு துறைமுகத்திலேயே திரும்பி வந்துவிடும் என்பதால் அந்தத் தடை பற்றிப் பண்ணைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாஷ்பேசினில் கொட்டுபவர்களுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை.